குளிர் மெஷினோடு போன மகளுக்கு

என் கண்ணு,

நீ திருவொற்றியூருக்குப் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் தபாலா என்று சிரிக்காதே. ராயபுரத்தில் ரயிலேறி உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்துகொள்வதற்குள் உன் ஊர் வந்துவிடும். இந்தத் தூரத்துக்கு எவனாவது கடிதம் எழுதுவானா என்று உன் அம்மாவும் கேட்டுவிட்டாள். ஆனால் நேரில் வந்தால் நான் பேசுகிற ஆள் இல்லை. மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்று, அதன் முதுகைத் தடவிப் பார்த்து, மோர் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். அதனால் எழுதியே விடுகிறேன். முதலில் ஒரு விஷயம். உன் வீட்டு வாசலில் மெஷினை வண்டியிலிருந்து இறக்கியபோது முன்னால் பிடித்த ஆள் கையைத் தாழ்த்திவிட்டான். மெஷின் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டான், நான் பார்த்தேன். சாய்ந்த மெஷினில் அடியிலிருக்கும் எண்ணெய் குழாய்ப் பக்கம் ஏறியிருக்கும். அது இறங்கிச் சேரும்வரை, ஒரு நாள் முழுக்க, சுவிட்சைத் தொடக் கூடாது என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். "சரி மாமா" என்றார். சரி என்று சொல்வது சுலபம். நான் தெருமுனை திரும்பியதும் போட்டுப் பார்த்தாரா, இல்லையா? அதை நீதான் எனக்குச் சொல்ல வேண்டும். புருஷனைக் காட்டிக்கொடுக்கச் சொல்வதாக நினைக்காதே, மெஷினுக்காகக் கேட்கிறேன்.

எதையும் சந்தேகப்படுகிற மனுஷன் என்று எனக்குப் பெயர். கல்யாணப் பந்தலில் உன் மாமன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான், தாலிக் கயிற்றைக்கூட சோப்பு நுரை தடவிப் பார்த்துத்தான் கொடுப்பான் இந்த ஆள் என்று. சிரிக்கட்டும். ஐஸ் பாக்டரியில் ஃபிட்டராக இருப்பவனுக்கு நம்பிக்கை ஆகாத சாமான். அமோனியா கண்ணுக்குத் தெரியாது. குழாய் பளபளவென்று இருக்கும், வால்வு இறுக்கமாக இருக்கும், பக்கத்தில் நிற்பவன் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பான், ஆனால் எங்கோ ஒரு மயிரிழை விரிசல் வழியாக அது வந்துகொண்டிருக்கும். கந்தகத் திரியைக் கொளுத்தி ஒவ்வொரு மூட்டாகக் காட்டிக்கொண்டே போவோம். எங்கே வெள்ளைப் புகை கிளம்புகிறதோ அங்கே கசிவு. புகை வராவிட்டால்? திரி நமுத்துப்போயிருக்கலாம் என்று வேறு திரியைக் கொளுத்திப் பார்ப்போம். இப்படியே காலம் தள்ளியவன் மனுஷர்களிடம் மட்டும் எப்படி வேறு மாதிரி இருப்பான்? அதுவும் உன்னைப் போல ஒரு பிள்ளையைப் பெற்றவன்.

நீ பிறந்த வருஷம் கோடையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. மத்தியானம் உடம்பு கொதிக்கும், விடியற்காலையில் தணியும், வெயில் ஏறினால் திரும்பவும் கொதிக்கும். கண்ணேறு என்றார்கள். வேப்பிலை அடித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். மழைக்காலம் வந்ததும் காய்ச்சல் தானாக நின்றது. தாயத்துக் கட்டியவர் தன்னால்தான் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டார். அடுத்த கோடையில் தாயத்தோடேயே மறுபடியும் கொதித்தாய். அப்போதுதான் உன் அம்மா ஒன்றைக் கவனித்தாள். உன்னை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்குப் புடவையெல்லாம் தொப்பலாக நனைந்திருக்கிறது, உன் கழுத்து மட்டும் காய்ந்த ஓலை மாதிரி இருக்கிறது. "இதுக்கு வேர்க்கவே இல்லையே, இன்னாய்யா இது?" என்று என்னைப் பார்த்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிறவியிலேயே வேர்வை சுரக்காத உடம்பு, இதற்கு மருந்து கிடையாது, உடம்பில் சூடு ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஏறினால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். மெட்ராஸ் வெயிலில் சூடு ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அவரையும் நம்பாமல் வேறொரு டாக்டரிடம் போனேன். அவரும் அதையேதான் சொன்னார்.

அன்றிலிருந்து வேலை முடிந்து வரும்போதெல்லாம் கோணிப்பையில் உமி போட்டு ஐஸ் கொண்டுவருவேன். வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளிப்பது, ஈர வேட்டியை உன்மேல் போட்டுப் போட்டு மாற்றுவது உன் அம்மாவின் வேலை. ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போடப் போகிறான் என்று ஊரே மூட்டை கட்டியதே, அது உனக்கு நினைவிருக்காது, நீ சின்னக் குழந்தை. நல்ல கோடை. தெருவில் எந்த வீட்டைப் பார்த்தாலும் பூட்டு. காசிமேட்டில் மீன் படகு வைத்திருந்த உன் மாமன் ஓடிவந்து, கிளம்புங்கள் என்று என் கையைப் பிடித்து இழுத்தான். எங்கே போவது? போகிற ஊரில் ஐஸ் இருக்கிறதா? குண்டு விழலாம், விழாமலும் போகலாம், வெயில் கட்டாயம் விழும். பட்டாளத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஐஸ் வேண்டும் என்று பாக்டரியை மூடவில்லை, அதனால் நாமும் போகவில்லை. மாமனும் திட்டிக்கொண்டே நம்மோடு தங்கிவிட்டான். அந்த நாட்களில் ஊரில் மிச்சமிருந்தவர்கள் எல்லாரும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் அம்மா உன் கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுதந்திரம் வந்த பிறகு வெள்ளைக்கார அதிகாரிகள் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். ஒருவருடைய பங்களாவில் சாமான்களை ஏலம் விட்டார்கள். மேஜை நாற்காலிக்கெல்லாம் அடிதடி. ஜன்னலில் வைக்கிற குளிர் மெஷின் ஒன்று, ஓடாதது, இரும்பு விலைக்குக்கூடக் கேட்க ஆளில்லாமல் மூலையில் கிடந்தது. நான் கேட்டேன். கேட்டதும் கொடுத்துவிட்டார்களே, உள்ளே ஒன்றுமே இல்லையோ என்று வண்டியில் வரும் வழியெல்லாம் அரித்துக்கொண்டே வந்தது. வீட்டில் வைத்துத் திறந்தால் எல்லாம் இருந்தது, கேஸ் மட்டும்தான் இல்லை. இதற்கு ஊற்றுகிற கேஸுக்கு வாசனை கிடையாது. அமோனியாவாவது மூக்கில் அறைந்து சொல்லும், இது சொல்லாமல் போய்விடும். குழாய்க்குள் காற்றை அடைத்துவிட்டு, சவர சோப்பைக் குழைத்து பிரஷ்ஷால் ஒவ்வொரு மூட்டிலும் தடவிக்கொண்டே வந்தேன். ஒரு மூட்டில் கடுகளவு குமிழ் எழும்பியது. அன்றைக்கு வந்த சந்தோஷம் நீ பிறந்த அன்றைக்கு வந்ததா என்று தெரியாது, கோபித்துக்கொள்ளாதே. கப்பல்களில் குளிரறை வேலை பார்க்கிற தோஸ்து ஒருவர் கேஸ் ஏற்றிக் கொடுத்தார். தெருப்பக்கச் சுவரை உடைத்து மெஷினை உட்காரவைத்தோம். நீ அதன் முன்னால் முகத்தைக் கொண்டுபோய் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, "நைனா, மார்கழி வருது" என்றாய்.

தெருவில் இருந்தவர்களுக்கு மெஷின்மேல் சந்தேகம். குழாயும் இல்லாமல் கிணறும் இல்லாமல் சுவரிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதே, அது எங்கேயிருந்து வருகிறது என்று எதிர்வீட்டம்மா தினமும் கேட்பாள். காற்றில் இருக்கிற ஈரம்தான் என்று சொன்னால், காதில் பூச்சுற்றுகிறான் என்று சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு குடத்தைக் கொண்டுவந்து அடியில் வைத்துவிட்டுப் போனாள். அந்தச் சொட்டு உனக்கு ரொம்ப முக்கியம், கவனமாகப் படி. புழுக்கமான நாளில் வெளியே தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சொட்டாவிட்டால் சந்தேகப்படு. உள்பக்கம் சொட்டினால் இன்னும் அதிகமாகச் சந்தேகப்படு, அடியில் தண்ணீர் சேருகிற தட்டின் ஓட்டை அடைத்திருக்கும், ஈர்க்குச்சி விட்டு எடு. குழாயில் வெள்ளையாக ஐஸ் பிடித்திருந்தால் நன்றாகக் குளிர்கிறது என்று சந்தோஷப்பட்டுவிடாதே. அது குளிர்ச்சியில்லை, மெஷினுக்கு மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். உடனே நிறுத்தி, முன்பக்க வலையைக் கழற்றித் தட்டிக் கழுவு. நல்ல தண்ணீரில் கழுவு, உன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் கழுவாதே. நான் நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. நிறுத்திய மெஷினை உடனே போடாதே. ஒரு டம்ளர் காப்பியை ஆற்றி, நிதானமாகக் குடித்து, டம்ளரையும் கழுவிவைத்துவிட்டு வந்து போடு.

அடுத்தது, உன்மேல் பிரியம் உள்ளவர்களை மெஷின் பக்கம் அண்டவிடாதே. உன் மாமன் கதையைத்தான் சொல்கிறேன். மெஷின் வந்த பிறகும் ஒரு கோடையில் உனக்குக் காய்ச்சல் வந்து கிடந்தது ஞாபகம் இருக்கும், ஏன் வந்தது என்று முழுசாகச் சொன்னதில்லை. அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. மெஷின் ஓடுகிறது, உறுமுகிறது, குளிர் வரவில்லை. சற்று நேரத்தில் தானாகவே நின்றுவிடுகிறது. அறைக்குள் ஒரு நாற்றம் வேறு. திறந்து பார்க்கலாம் என்றால் உன் உடம்பு கொதிக்கிறது, உன்னைப் பார்ப்பதா மெஷினைப் பார்ப்பதா? எதிர்வீட்டம்மாதான் குடம் வைக்கிற சாக்கில் எதையோ செய்துவிட்டாள் என்று அவளிடம் போய்ச் சண்டை போட்டேன். அவள் பதிலுக்கு என் வம்சத்தையே இழுத்தாள். திரும்பி வரும்போதுதான் பார்த்தேன். மெஷினுக்குக் கீழே சந்தில் பூனைகள் வரிசையாக உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்று சுவரை நக்கிக்கொண்டிருந்தது. ஏணி போட்டு ஏறினேன். மெஷினின் முதுகில் இருக்கிற தகடுகள் முழுக்கச் சுறா எண்ணெய். அதன்மேல் துறைமுகத்து நிலக்கரித் தூளும் ரயில் புகைக்கரியும் அப்பிக்கொண்டு தார் பூசிய மாதிரி ஆகியிருந்தது. காற்றுப் போக ஊசிமுனை இடமில்லை.

உன் மாமன் வந்து திருடன் மாதிரி நின்றான். "படவுக்கு அட்ச்சா உப்பு அண்டாது. இதுவும் உப்புக் காத்துலதான குந்திகினு கீது? கொயந்தைக்கு ஆவுற மெஷினாச்சேன்னு நல்ல எண்ணெயா பாத்து அட்ச்சேன்" என்று சொல்லிவிட்டு அழுதான். அவன் படகைக்கூட அவ்வளவு அழகாகப் பூசியிருக்க மாட்டான், ஒரு தகடு விடாமல் பூசியிருந்தான். நானும் அவனும் சோப்புத் தண்ணீர் விட்டுப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தோம். பொழுது சாய்ந்தபோது மெஷின் மறுபடியும் குளிர்ந்தது, உன் காய்ச்சலும் இறங்கியது. அவனை நான் அடிக்கவில்லை, அதற்குக் காரணம் உன் அம்மா இடையில் நின்றதுதான். ஆகையால் தகடுகளை மாதம் ஒரு முறை மெல்லிய பிரஷ்ஷால் தகட்டின் போக்கிலேயே, மேலிருந்து கீழாக, தூசி தட்டு. குறுக்கே இழுத்தால் மடங்கிவிடும். பிறகு நல்ல தண்ணீர் நனைத்த துணியால் ஒற்றி எடு. வேறு எதையும் பூசாதே. விசிறி மோட்டாருக்கு மட்டும் மெஷின் எண்ணெய் சில சொட்டு விடு. உன் மாமியார் விளக்கெண்ணெய் நல்லது என்பார்கள், மரியாதையாகக் கேட்டுக்கொண்டு சும்மா இரு.

இப்போது மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். அவரை உனக்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர், கோடையில் படம் கழுவுகிற தண்ணீர் சூடாகி ஃபிலிமில் இருக்கிற பசை உருகி வழிந்துவிடுகிறது என்று எங்கள் பாக்டரி வாசலுக்கு சைக்கிளில் கோணியோடு வந்து ஐஸ் வாங்கிப் போவார். மார்கழி, தை மாதங்களில் நீ எனக்குச் சோறு எடுத்துக்கொண்டு வருவாயே, அங்கே வைத்துத்தான் உன்னைப் பார்த்திருக்கிறார். அப்பா இல்லாத பிள்ளை, தாயாரை அழைத்துக்கொண்டு பெண் கேட்டு வந்துவிட்டார். உன் உடம்பைப் பற்றி ஒளிக்காமல் சொன்னேன். சொன்னதும் எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன். அந்தம்மா நகை கேட்கவில்லை, பாத்திரம் கேட்கவில்லை. உன் அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே சுவரிலிருந்த மெஷினைப் பார்த்தார்கள். "இதுவும் பொண்ணோட வருதில்ல?" என்று கேட்டார்கள், அவ்வளவுதான். எனக்கு அங்கேயே குமிழ் எழும்பிவிட்டது. ஐஸ் வாங்கி வாங்கிச் சலித்துப்போனவன் வீட்டுக்குக் குளிர் மெஷின் வேண்டியிருக்கிறது, அதற்கு என் பெண்ணைக் கேட்கிறான். வேறு என்ன நினைக்கச் சொல்கிறாய்?

உன் அம்மா ஒத்துக்கொண்டாள், நீயும் தலையாட்டிவிட்டாய், நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் சாமி கும்பிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் திருவொற்றியூருக்குப் போனேன். கோயிலுக்கும் போனேன், பொய்யில்லை. திரும்பும்போது அவர்கள் வீட்டுப் பின்சந்து வழியாக வந்தேன். பின்சுவரில் புதிதாக ஓட்டை வெட்டியிருந்தது. மெஷின் அளவுக்குச் சரியான ஓட்டை. பக்கத்தில் இருந்த ஜன்னலில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. சந்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளையிடம் இது என்ன அறை என்று பேச்சுவாக்கில் கேட்டேன். போட்டோ கழுவுகிற இருட்டறை என்றாள். அதற்குமேல் எனக்கு எந்தத் திரியும் வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்து கத்தினேன், உனக்கு நினைவிருக்கும். மெஷின் ஃபிலிமுக்குக் குளிரும், என் பெண் ஓட்டு அறையில் கிடந்து வேகும், இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றேன். நீ கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அழவில்லை. "நிறுத்துறதா இருந்தா நிறுத்து நைனா. ஆனா போயி அவங்களாண்ட கேட்டுட்டு வந்து நிறுத்து" என்றாய். சந்தேகப்படத் தெரிந்த எனக்குக் கேட்கத் தெரியவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கேட்டால் பொய் சொல்வார்கள் என்று நினைத்தே நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் போனேன். வாசலில் செருப்பைக்கூடச் சரியாக விடாமல் நேராக இருட்டறைக்குப் போனேன். மாப்பிள்ளை தலையில் துண்டு கட்டிக்கொண்டு சுவரிலிருந்த கறுப்புச் சாயத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பாதிச் சுவர் வெள்ளையடித்திருந்தது. தட்டுகள் இல்லை, மருந்துப் பாட்டில்கள் இல்லை, சிவப்பு பல்பும் இல்லை. இதெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டேன். அடுப்பங்கரைக்கு அழைத்துப் போனார். அம்மிக்குப் பக்கத்தில் படம் கழுவுகிற தட்டுகள் இருந்தன. அடுப்புக்கு மேலே சிவப்பு பல்பு தொங்கியது. புளிக்குழம்பு வாசனையும் மருந்து நெடியும் கலந்து வந்தது. வீட்டில் மற்ற அறைகளெல்லாம் ஓட்டுக்கூரை, இந்த ஒன்றுதான் தளம் போட்டது, சுவரும் தடிமன், மெஷினைக் கொண்டுவந்தால் இதில்தான் குளிர் நிற்கும், அதனால் ஒழித்துக்கொண்டிருக்கிறேன் என்றார். நான் சும்மா விடவில்லை. சுவரைச் சாண்வைத்து அளந்தேன், கூரையைப் பார்த்தேன், வெயில் எந்தப் பக்கம் விழும் என்று பார்த்தேன். அவர் சொன்னது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்படியும் மனசு ஆறாமல், மெஷினும் வருகிறதா என்று அன்றைக்கு எதற்காகக் கேட்டீர்கள் என்று அடுப்படியில் நின்ற உன் மாமியாரிடமே போய்க் கேட்டுவிட்டேன்.

அவர்கள் கரண்டியைக் கீழே வைத்தார்கள். "வேர்க்காத பொண்ணுன்னு நீங்கதான சொன்னீங்க? மெஷின் இல்லாம இட்டாந்து, நாளைக்கு அது சுட்டுகினு கெடந்தா நான் யாராண்ட போயி நிப்பேன்? அதான் கேட்டேன். நகை நட்டா கேட்டேன்?" என்றார்கள். வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது, இரண்டையும் காட்டிக்கொள்ளாமல் இருப்பது பெரும்பாடாகிவிட்டது. ஒரு செம்பு தண்ணீர் கேட்டேன். குடிப்பதற்கு என்று கொடுத்தார்கள். நான் அதைக் கொண்டுபோய்ச் சுவரில் வெட்டியிருந்த ஓட்டையின் அடியில் ஊற்றினேன். தண்ணீர் அறைக்குள் ஓடிவந்தது. வாட்டம் உள்பக்கமாக வைத்துவிட்டான் கொத்தன். வெளிப்பக்கம் சாய்வாக இருந்தால்தான் சொட்டுத் தண்ணீர் சந்தில் விழும், இல்லாவிட்டால் படுக்கையில் விழும் என்று பிடித்துக்கொண்டேன். மாப்பிள்ளை அன்றே அதைச் சரிசெய்தார். அந்த ஒரு தப்பாவது கிடைத்ததில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அடுப்பங்கரைச் சூட்டில் படம் கழுவுகிறவருக்கு முன்னைவிட அதிகமாக ஐஸ் வேண்டியிருக்கிறது. இப்போதும் பாக்டரி வாசலுக்கு சைக்கிளில் வருகிறார். மாமனார் இருக்கிறாரே என்று முந்திக்கொள்ளாமல் எல்லாரோடும் வரிசையில் நிற்கிறார். நான் வால்வைத் திருகிக்கொண்டே வாசலை எட்டிப் பார்க்கிறேன். அவர் ஐஸ் வாங்க வருகிறவரைக்கும் மெஷின் உன் அறையில்தான் இருக்கிறது என்று அர்த்தம். சித்திரை வெயிலில் என்றைக்காவது அவர் வராமல் போனால், அன்று சாயங்காலமே நான் ரயிலேறிவிடுவேன். அதுவரைக்கும் நீயும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார். மெஷினைக் கழற்றுகிற ஸ்பானரை உன் தலகாணி உறைக்குள் வைத்துத் தைத்திருக்கிறாள் உன் அம்மா, தலையில் உறுத்துகிறதே என்று நினைத்திருப்பாய். அதை யாரிடமும் கொடுக்காதே, அவரிடமும். அவருக்கு நான் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் இதில் உனக்கும் எழுதிவிட்டேன். உன் கையாலேயே வலையைக் கழுவு, உன் காதாலேயே சத்தத்தைக் கேள். குளிர் குறைவது முதலில் தெரியப்போவது உன் தோலுக்குத்தான், எனக்கோ அவருக்கோ இல்லை. மெஷின் ஓடினாலும் வெட்டிவேர்த் தட்டியையும் ஈரத் துணியையும் கைக்கெட்டும் இடத்தில் வை. கரண்டு எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

இங்கே மெஷின் இருந்த இடத்தில் சுவர் திறந்து கிடக்கிறது. அதன் வழியாகத் துறைமுகத்துச் சங்கு முன்னைவிட உரக்கக் கேட்கிறது. எதிர்வீட்டம்மா அதில் தலையை விட்டு, பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போகிறாள். நான் செங்கல் வாங்கிவந்து அடைக்கப் போனேன். உன் அம்மா கரணையைப் பிடுங்கிவிட்டாள். தலை ஆடிக்குப் பெண் வீட்டுக்கு வருவாளே, அப்போது மெஷினை எங்கே உட்காரவைப்பாய் என்கிறாள். புதுப்பெண்ணை ஆடியில் அழைத்துவருவது எனக்குத் தெரியாதா? சீர்த் தட்டோடு வாசலில் போய் நிற்க எனக்கு ஆசை இல்லையா? ஆனால் அந்த மெஷின் இன்னொரு முறை வண்டியில் ஏறி இறங்கினால் குழாய் தாங்காது. மெஷின் இல்லாமல் நீ வந்தால் ஆடிப் புழுக்கத்தை உன் உடம்பு தாங்காது. நான் யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன். ஆடிக்கு நீ வர வேண்டாம். அங்கேயே இரு. நான் சந்தேகப்பட்ட வீட்டில், நான் வேண்டாம் என்று கத்திய அதே அறையில், குளிரில் இரு. இதை எழுதுவதற்கு எனக்கு எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியும்.

உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, அழுவாள். ஓட்டையை அடைக்கவில்லை, பலகை மட்டும் சாத்தி வைத்திருக்கிறேன். ஆடி பிறந்ததும் அம்மாவை அழைத்துக்கொண்டு, சோப்புக் கிண்ணமும் பிரஷ்ஷுமாக உன் வீட்டுக்கு வருவேன். மூட்டு ஒன்று கசிகிற மாதிரி இருக்கிறது, மெஷினைப் பார்க்கத்தான் வந்தேன் என்று உன் மாமியாரிடம் சொல்வேன். மாப்பிள்ளையிடமும் அதையே சொல்வேன். அவர்கள் நம்பட்டும். நீ நம்பாதே.

உன் நைனா